பழைய காரின் டேஷ்போர்டில் புதிய மீட்டர்கள்: வெட்டுவதா, கீழே பொருத்துவதா, உள்ளே மாற்றுவதா?

கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு வட்டாரத்தில் அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களைப் பேணி ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் மீட்டர்கள் அலங்காரம் அல்ல, தேவை. ஆயிலுக்கென இருக்கும் சிவப்பு விளக்கு, அழுத்தம் ஏறக்குறைய முழுவதும் போன பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங் தேயத் தொடங்கியிருக்கும். சூட்டைப் பொறுத்தவரை மலைக்கே ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கினால் அந்த எல்லை மேலே போகும். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால், மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப்பிலிருந்து இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

டேஷ்போர்டின் தகட்டிலேயே 52 மில்லிமீட்டர் துளை வெட்டி மீட்டர்களைப் பதிப்பது முதல் வழி. பார்வைக்கு எடுப்பாக இருக்கும், முள்ளும் நேராகக் கண்ணில் படும். ஆனாலும் இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டிய தகட்டை டிங்கரிங் செய்து மூடினாலும் பழைய வளைவும் பெயின்டும் அப்படியே திரும்புவதில்லை. அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்ட நிலையில், பழுதில்லாத மாற்று டேஷ்போர்டு கிடைப்பதும் அரிது. 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய விரும்புபவர், அது மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

ஒன்று, டேஷ்போர்டின் கீழ்விளிம்பில் ஏற்கெனவே உள்ள ஸ்க்ரூ துளைகளைப் பயன்படுத்தி ஒரு பட்டையைத் தொங்கவிட்டு, அதில் ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், வோல்ட் ஆகிய மூன்று மீட்டர்களையும் பொருத்துவது. பட்டையை ஸ்டீயரிங்குக்கு இடப்புறமாக, ஓட்டுநரை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் முழங்காலில் இடிக்காது. கொண்டை ஊசி வளைவில் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க வேண்டியிருப்பது இதன் மெய்யான குறை. முள் இயல்பு நிலையில் நேர்மேலே நிற்கும்படி மீட்டரைத் திருப்பிப் பொருத்தினால், எண்ணைப் படிக்காமலே ஒரு பார்வையில் நிலையை அறியலாம்.

இந்த வழியில் மெக்கானிக்கல் மீட்டரும் வைக்கலாம், எலெக்ட்ரிக் மீட்டரும் வைக்கலாம். மெக்கானிக்கல் மீட்டர் ஒயருக்குப் பதில் மெல்லிய குழாய் வழியாக இயங்குவதால் அதற்கு ஒயரிங் கோளாறு இல்லை. பல மாதங்கள் மழையும் மூடுபனியும் சூழ்ந்திருக்கும் பீர்மேடு போன்ற இடங்களில் எர்த் முனைகள் பூத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஆயில் மீட்டருக்கு வரும் மெல்லிய குழாய் சூடான ஆயிலை காருக்குள்ளேயே கொண்டுவருகிறது. ஆகவே நைலான் குழாயைவிடச் செப்புக் குழாய் நல்லது; இன்ஜின் அதிர்வில் விரிசல் விடாதிருக்க அதை நடுவில் ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும், இன்ஜின் அறையைப் பிரிக்கும் தகடான ஃபயர்வாலின் துளையில் ரப்பர் வளையமும் கட்டாயம். டெம்பரேச்சர் மீட்டரின் குழாய் ஆவியாகும் திரவம் நிரப்பி முத்திரையிடப்பட்டது. நீளம் மிஞ்சினால் சுருட்டி வைக்கலாமே தவிர, வெட்டினால் மீட்டரே வீணாகிவிடும்.

மற்றொன்று, பழைய மீட்டரின் முகத்தையும் முள்ளையும் அப்படியே வைத்துக்கொண்டு, முள்ளை நகர்த்தும் உள்கருவியை மட்டும் புதிதாக மாற்றுவது. வெளிப்பார்வைக்கு எதுவும் மாறாது என்பதால் இதன் கவர்ச்சி பெரிது. சிக்கல் சென்சாரில் இருக்கிறது. சில ஆயில் பிரஷர் மீட்டர்கள், அழுத்தம் ஏறும்போது மின்தடை 240 முதல் 33 ஓம் வரை இறங்கும் சென்சாரை எதிர்பார்க்கும்; வேறு சில 10 முதல் 180 ஓம் வரை ஏறும் சென்சாரை எதிர்பார்க்கும். இரண்டையும் கலந்துவிட்டால் அழுத்தம் ஏற ஏற முள் எதிர்த் திசையில் நகர்ந்து ஓட்டுநரை ஏமாற்றும். பல பிரிட்டிஷ் வகை மீட்டர்கள் 12 வோல்ட்டில் நேராக இயங்காமல், 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் வழியாக இயங்குபவை என்பதையும் எலெக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். முகப்பு வளையத்தின் மடிப்புகளை நிமிர்த்தும்போது அவை ஒடிவதும், டயலின் எழுத்து உதிர்வதும் உண்டு.

மலைப்பாதையில் வாடிக்கையாக ஓடும் வண்டிக்குத் தொங்கு பட்டையே சரி என்பது என் உறுதியான கருத்து. கழற்றினால் தடமே இருக்காது. உள்ளே மாற்றுவதைப் பழைய மீட்டர் அடியோடு செத்துப்போன வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் எந்த வழியிலும் ஆம்ப் மீட்டரைத் தவிர்த்து வோல்ட் மீட்டரையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் ஆம்ப் மீட்டரானால் சார்ஜிங் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு வரை வந்து திரும்பும்; 30 ஆம்ப் மீட்டரால் அதைத் தாங்க முடியாமல் ஒயர் கருகவும் கூடும். வோல்ட் மீட்டருக்குச் சிறிய ஃபியூஸுடன் ஒரு மெல்லிய ஒயர் போதும். இன்ஜின் ஓடும்போது முள் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் சார்ஜிங் சரியாக இருக்கிறது.