சிஐஎல் சேவை எப்படி? ஐந்துக்கு மூன்றரை

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் யாராவது விபத்திலோ பக்கவாதத்திலோ வீல்சேருக்கு வந்துவிட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு கட்டு காகிதம் கையில் கொடுப்பார்கள். அதில் எங்கோ ஒரு மூலையில் 'சென்டர் ஃபார் இண்டிபெண்டன்ட் லிவிங்' என்று ஒரு போன் நம்பர் இருக்கும், சுருக்கமாக சிஐஎல், மாற்றுத்திறனாளிகள் சுயமாக வாழ உதவும் மையம். பெரும்பாலானவர்கள் அந்த நம்பரைக் கூப்பிடுவதே இல்லை. கூப்பிடுங்கள். ஆனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள். நான் முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேரில் இருப்பவன், எங்கள் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மையத்தில் சில வருடங்களாகப் பதிவு செய்திருக்கிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் குறை சொல்லப்போவதில் பாதி அவர்கள் கையிலேயே இல்லை.

முதலில், ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி: "மாசம் எவ்வளவு தர்றாங்க?" ஒரு டாலர்கூடத் தர மாட்டார்கள். மாதத் தொகை என்பது சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசு அமைப்பின் வேலை, வருமானம் குறைந்தவர்களுக்கான எஸ்எஸ்ஐயோ, முன்பு வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்கான எஸ்எஸ்டிஐயோ எது பொருந்துமோ அது. வீட்டுக்கு உதவியாளர் வரும் மணிநேரத்துக்குப் பெரும்பாலும் மெடிகெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் 'வெய்வர்' என்னும் சிறப்புத் திட்டங்கள் பணம் கட்டும். சிஐஎல் தருவது வேறு: எங்கே என்ன கிடைக்கும் என்ற தகவல், தனியாக வாழத் தேவையான பயிற்சி, அதே நிலையில் இருக்கும் இன்னொருவரின் ஆலோசனை, உரிமைக்காகக் கூட நின்று பேசுவது, நர்சிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு வர உதவுவது. இந்த ஐந்தும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, எந்த மையமும் இதில் ஒன்றை 'எங்களிடம் இல்லை' என்று சொல்ல முடியாது. என்னிடம் வருமானச் சான்று எதுவும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை.

இதில் ஆலோசனைக்கு மட்டும் தனியாக மார்க் போடச் சொன்னால் முழு மார்க் கொடுப்பேன். எனக்கு ஒதுக்கப்பட்டவர் என்னைவிட வெகு காலம் முன்பே வீல்சேருக்கு வந்தவர். வீல்சேரிலிருந்து கார் சீட்டுக்கு மாறுவதைப் பயிற்சி மையத்தில் மெத்தை விரித்த பெஞ்சில் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஆனால் கார் அந்த பெஞ்சு மாதிரி இல்லையே. இவர் பார்க்கிங்கில் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, வீல்சேருக்கும் சீட்டுக்கும் பாலம் மாதிரிப் போட்டு நகரும் பலகையை இன்னும் நாலு விரல் உள்ளே தள்ளச் சொன்னார், இடுப்பு எந்தப் பக்கம் போகவேண்டுமோ தலையை அதற்கு எதிர்ப்பக்கம் சாய்க்கச் சொன்னார், பிறகு அந்தப் பலகையைக் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே எப்படிச் செருகி வைத்தால் இறங்கும்போது கைக்கு எட்டும் என்று அவர் வண்டியிலேயே காட்டினார். அந்தச் செருகும் விஷயத்தை எந்த தெரபிஸ்டும் எனக்குச் சொன்னதில்லை, ஏனென்றால் அவர்கள் யாரும் மழையில் தனியாக இறங்கவேண்டி வந்ததில்லை.

இப்படி ஒருவர் அங்கே வேலையில் இருப்பது தற்செயல் இல்லை. மையத்தின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் இருக்க வேண்டும், ஊழியர்களிலும் முடிவெடுக்கும் பதவிகளிலும் அப்படியே, இல்லையென்றால் மத்திய அரசின் பணம் வராது. இது எங்கிருந்து வந்தது என்றால், 1972இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தத் தொடங்கிய மையத்திலிருந்து. அதன் முன்னோடிகளில் ஒருவரான எட் ராபர்ட்ஸ் போலியோவால் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதையும் அசைக்க முடியாதவர், இரவில் 'இரும்பு நுரையீரல்' என்ற மூச்சு விட உதவும் இயந்திரத்துக்குள் படுத்தவர். இவருடைய ஊனத்துக்கு வேலை பார்க்கவே முடியாது என்று ஒதுக்கிய அதே மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1975இல் இவரையே தலைவராகப் போட்டார் ஆளுநர் ஜெர்ரி பிரவுன். 1977இல் சான் பிரான்சிஸ்கோவின் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள், மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவை, அதாவது மத்திய அரசின் பணம் வாங்கும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்ற பிரிவை, அமல்படுத்து என்று. அடுத்த வருடமே, 1978இல், அந்தச் சட்டத்தில் ஏழாவது அத்தியாயமாக இந்த மையங்களுக்கான நிதி சேர்க்கப்பட்டது.

சரி, குறைக்கு வருவோம். போன் செய்தால் வாய்ஸ்மெயில், பதில் வர வாரக்கணக்கில் ஆகும். நமக்குப் பழகிய ஊழியர் திடீரென்று இருக்க மாட்டார், புதியவரிடம் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரவல் தரும் பொருட்கள் அறையில் வாக்கர் குவிந்து கிடக்கும், நமக்கு வேண்டிய குளியல் நாற்காலி மட்டும் இருக்காது. இதெல்லாம் பணப் பஞ்சம். நாடு முழுக்க 350 சொச்சம் மையங்களுக்கு இந்தச் சட்டத்தின் 'சி' பகுதிப் பணம் பெரும்பாலும் வாஷிங்டனிலிருந்து நேராக வருகிறது. 'பி' பகுதிப் பணம் மாநில அரசு வழியாக வரும், அதில் 90 சதவீதம் மத்திய அரசு, 10 சதவீதம் மாநிலம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நாட்டுக்கு இது சில்லறை. 2014இல் சட்டத்தைத் திருத்தி, நர்சிங் ஹோமிலிருந்து வெளியே கொண்டுவருவதையும் பள்ளி முடித்த பிள்ளைகளைக் கவனிப்பதையும் கட்டாயச் சேவையாக்கினார்கள், அதற்கென்று தனியாகப் பணம் எதுவும் ஒதுக்காமல். வேலையை ஏற்றி வைத்துவிட்டு சம்பளத்தை அப்படியே விட்ட கதை.

ஆனால் எல்லாவற்றையும் பணத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. எனக்கு நடந்தது இது. சேர்ந்தபோது 'சனி ஞாயிறில் காலையில் வர ஓர் உதவியாளர் வேண்டும்' என்று ஓர் இலக்கு எழுதினோம். அவர்கள் சில ஏஜென்சிகளின் பெயர்ப் பட்டியல் கொடுத்தார்கள். ஒரு ஏஜென்சி எங்கள் பக்கம் வருவதில்லை என்றது, இன்னொன்று வார நாளில்தான் ஆள் உண்டு என்றது, மற்றவை போனையே எடுக்கவில்லை. வெகு நாள் கழித்து என் கோப்பின் நகல் கேட்டு வாங்கிப் பார்த்தால் அந்த இலக்குக்கு எதிரே 'நிறைவேறியது' என்று இருக்கிறது. பட்டியல் கொடுத்தாயிற்று, ஆகவே நிறைவேறியது! கேட்டபோது அந்த ஊழியர் சங்கடப்பட்டார், மாற்றி எழுதித் தந்தார், அது வேறு விஷயம்.

ஏன் இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்றால், அந்த ஒரு வார்த்தைதான் மேலே போகிறது. ஒவ்வொரு மையமும் வருடாவருடம் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும்: எத்தனை பேர், என்ன வயது, என்ன குறைபாடு, எத்தனை இலக்கு போட்டார்கள், எத்தனை நிறைவேறியது, எத்தனை நடந்துகொண்டிருக்கிறது. அதை வாங்கிப் பார்ப்பது ஏசிஎல் என்ற மத்திய அமைப்பு, 2014 திருத்தத்துக்கு முன் இது கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தது. அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு என் சனிக்கிழமைக் காலை தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். நேரில் வந்து பார்ப்பதற்கும் விதி இருக்கிறது, வருடத்துக்குக் குறைந்தது 15 சதவீத மையங்களுக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வரிசையாகப் போனால்கூட ஒரு மையத்துக்கு ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை. வருகிற குழுவில் அரசு ஊழியர் அல்லாத, இப்படி ஒரு மையத்தை நடத்திய அனுபவமுள்ள ஒருவராவது இருக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆறேழு வருடத்தில் நான் சொன்ன அந்த ஊழியர் மாதிரி எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், இது எல்லா மையத்துக்கும் பொருந்தாது. மத்திய நிதி போதாததால் வேறு வழியில் பணம் திரட்டுவதும் மையங்களின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அதனால் சில மையங்கள் மெடிகெய்ட் உதவியாளர்களுக்குச் சம்பளப் பட்டுவாடா செய்யும் வேலையையும் எடுத்துச் செய்கின்றன, அதில் ஒரு தொகை அவர்களுக்கு வரும். தப்பில்லை, சொல்லப்போனால் பல மையங்கள் அதனால்தான் மூடாமல் இருக்கின்றன. ஆனால் உங்கள் உதவியாளர் விஷயத்தில் தகராறு என்று வந்தால், உங்களுக்காகப் பேசவேண்டியவரும் பட்டுவாடா செய்பவரும் ஒரே கூரையின் கீழ். சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன, அதிகம் பேர் பார்ப்பதில்லை. லாப நோக்கற்ற அமைப்பு என்பதால் வருமான வரித் துறைக்கு அவர்கள் தரும் 990 படிவம் பொதுப் பார்வைக்கு உண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், இயக்குநர் சம்பளம் உட்பட. எங்கள் மையத்தின் படிவத்தைப் பார்த்த பிறகு அவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைந்தது என்பதே உண்மை, அந்தப் பணத்தில் அவ்வளவு ஊழியர்களை வைத்திருப்பதே பெரிய விஷயம். பெரிய தொகை மத்திய நிதியாக வாங்கிச் செலவழிக்கும் அமைப்புகளுக்குத் தனித் தணிக்கையும் உண்டு, அதற்கான வரம்பு முன்பு வருடத்துக்கு 7,50,000 டாலர், இப்போது 10 லட்சம்.

அப்புறம் மாநிலக் கவுன்சில், சில்க் என்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டு, மாநிலத்தில் இந்தப் பணம் எங்கே போகவேண்டும், எந்தக் கவுன்ட்டிக்கு மையமே இல்லை என்று எழுதுவார்கள். மாநில அரசு மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, பாதிக்கு மேற்பட்ட மையங்களின் இயக்குநர்களும் போட வேண்டும். திட்டத்தை எழுதும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்பார்கள். நான் போன ஒரு கூட்டத்தில் பேச வந்த பொதுமக்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், அதில் நம்மூர்க்காரர் என்னைத் தவிர யாருமில்லை. வார இறுதி உதவியாளர் தட்டுப்பாட்டை அங்கே சொன்னேன், குறிப்பில் ஏறியது. திட்டத்தில் ஏறுமா, பார்க்கலாம்.

மையத்தோடு சண்டையே வந்துவிட்டால் கேப் என்ற உதவித் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது, மறுவாழ்வுச் சட்டத்தின் கீழ் சேவை பெறுபவர் பக்கம் நின்று பேசுவதற்கென்றே உள்ளது. அதைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியது மையத்தின் கடமை. எனக்குச் சொன்னார்கள், ஒரு கட்டு காகிதத்தின் கடைசிப் பக்கத்தில்.

2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை ஏசிஎல்லைக் கலைத்து அதன் வேலைகளை வேறு பிரிவுகளுக்குப் பிரிப்பதாக அறிவித்ததிலிருந்து எங்கள் மையத்தில் எல்லாருக்கும் ஒரு பதற்றம். கேள்வி கேட்க ஆள் குறைந்தால் நமக்கு நல்லதுதானே என்று ஒரு மையம்கூட நினைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அறிக்கையை வாங்க ஆளே இல்லையென்றால் பணத்தை அனுப்பவும் ஆள் இருக்காது என்ற பயம் அவர்களுக்கு.

மூன்றரை ஸ்டார். அரையைக் குறைத்தது வாய்ஸ்மெயிலுக்கு, ஒன்றைக் குறைத்தது அந்த 'நிறைவேறியது' வார்த்தைக்கு. விபத்து நடந்து புதிதாக வீடு திரும்பியவர்கள், பெற்றோரை நர்சிங் ஹோமிலிருந்து அழைத்து வர நினைப்பவர்கள், பள்ளி முடிக்கப்போகும் பிள்ளை உள்ளவர்கள், தயங்காமல் போங்கள். உதவியாளரை அவர்களே அனுப்பி வைப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள்.

முதல் நாள் ஒரு படிவம் நீட்டுவார்கள், கையெழுத்துப் போடும் இடத்தில் மஞ்சள் அம்புக்குறி ஒட்டியிருக்கும். என் இலக்குகளை எழுத்தில் வைக்கும் திட்டம் எனக்குத் தேவையில்லை என்று நீங்களே விட்டுக்கொடுக்கும் காகிதமாக அது இருக்கலாம். படிக்காமல் போடாதீர்கள். திட்டம் வேண்டும் என்று சொல்லுங்கள், இலக்கை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், எது நடந்தால் அது நிறைவேறியதாகக் கணக்கு என்பதையும் அதே வரியில் சேர்க்கச் சொல்லுங்கள், நகல் வாங்காமல் கிளம்பாதீர்கள்.