மாடிச் சாவி யார் கையில்? சிங்கப்பூர் பண்ணைகளும் நம்ம மொட்டை மாடியும்

சென்னை பெரம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். ஓதம் இறங்கினால் செலவு என்னுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் செடி வளர்க்கும் பை (குரோ பேக்) பத்து வைக்க ஹவுஸ் ஓனர் சாவி தந்தார். அதிலிருந்து நகர விவசாயம் என்று யார் பேசினாலும் இடம் யாருடையது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

எல்லோரும் காட்டும் உதாரணம் சிங்கப்பூர். நாட்டின் நிலத்தில் ஒரு சதவீதம் அளவுதான் விவசாயத்துக்கு, உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை 2030-க்குள் உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019-இல் இலக்கு வைத்தார்கள்; 2025-இல் அதைக் கைவிட்டு 2035-க்கு வேறு இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் இறக்குமதி நின்றால் என்ன செய்வது என்ற அவர்கள் பயம் நியாயமானது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் திண்டாடிப் போனார்கள்.

அங்கே முயன்ற வழிகளில் எல்.இ.டி. விளக்குக்குக் கீழே அறைக்குள் வளர்ப்பதுதான் பார்க்கப் பிரமாதம், ஆனால் கரண்ட் பில் ஏற ஏற மலேசியாவிலிருந்து லாரியில் வரும் கீரையோடு விலையில் மோத முடியவில்லை. லிம் சூ காங்கில் 2012-இல் வந்த ஸ்கை கிரீன்ஸ் பண்ணை கொஞ்சம் வேறு மாதிரி: 30 அடி உயர அடுக்குகள் தண்ணீர் விசையால் மெல்லச் சுழன்று வெயிலைப் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் மின்சாரம் மிகக் குறைவு. அப்படியும் அங்கே விளைந்தது, இறக்குமதியானதைவிட விலை கூடுதல்தான். ஆக இந்த இரண்டிலும் முதல் பலன், கூட இரண்டு காசு கொடுக்கக்கூடியவருக்கு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் பார்க்கிங் கூரைகள் அங்கே பொதுச்சொத்து, அங் மோ கியோ என்ற குடியிருப்புப் பேட்டையில் 2019-இல் அப்படி ஒரு கூரையில் பண்ணை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒன்பது கூரைகளை டெண்டர் விட்டபோது வாடகை எவ்வளவு என்பதோடு விளைச்சல் எவ்வளவு என்றும் பார்த்தார்கள். காய் அந்தப் பேட்டையிலேயே விற்றால் லாரிச் செலவும் மிச்சம்.

சரி, சென்னை. இங்கே மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் கூடாரத்தில் பெரும்பாலும் சாலட்டுக்குப் போடும் லெட்டூஸும் துளசி மாதிரி இருக்கும் பேசிலும்தான், அது ஹோட்டலுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போகும். எங்கள் தெருவில் யாரும் லெட்டூஸ் வதக்குவதில்லை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தந்த மாடித் தோட்டக் கிட் நல்ல திட்டம்: பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து, ஒரு மாதத்தில் சிறுகீரை பறிக்கலாம். ஆனால் வாங்கி வைக்க மாடி வேண்டுமே! என் மாதிரி வாடகைக்காரருக்கு அது ஓனர் மனசைப் பொறுத்தது. அப்புறம் தண்ணீர். 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்ற தெருவில் செடிக்கு யார் ஊற்றுவார்கள்? அந்த வருடம் சாகாத மாடித் தோட்டம் சொந்த போர்வெல் உள்ள வீடுகளில்தான் இருந்திருக்கும்.

அதனால் என் ஓட்டு கார் பார்க்கிங் கூரை மாதிரிக்குத்தான், ஆனால் இடம் மட்டும் வேறு. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த குடும்பங்களின் தலைக்கு மேலே எத்தனை அரசுக் கூரைகள்! தாங்குமா என்று இன்ஜினியர் பார்த்து, ஓதம் தடுத்து, மழைநீர்த் தொட்டி கட்டி, சாவியை அங்கேயே இருக்கும் மகளிர் குழுவிடம் கொடுக்கட்டும். அதிக வாடகை சொல்பவருக்கு ஏலம் விட வேண்டாம். அரைக்கீரையும் தண்டுக்கீரையும் அவர்கள் வீட்டுக்குப் போக மிஞ்சியது கீழே வாசலில் விற்கட்டும். லெட்டூஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.