கையா, வைப்ரேட்டரா, கணவரா, மருந்தா? பெண்ணின் உச்சத்துக்கு எது உதவும்

கல்யாணமாகி வருஷக்கணக்கில் ஆகியும் உடலுறவில் உச்சமே வந்ததில்லை, எனக்கு ஏதாவது குறையா என்று தோழிகள் கூட்டத்தில் ஒருத்தி வாயைத் திறந்து கேட்டுவிட்டால் போதும், மற்றவர்கள் ஒவ்வொருவராக "நானும்தான்" என்பார்கள். குறை பெரும்பாலும் உடம்பில் இல்லை, போகிற வழியில்தான் இருக்கிறது. அதனால் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிடலாம்.

எல்லோரும் முதலில் நம்புவது உடலுறவைத்தான், அதாவது ஆணுறுப்பு உள்ளே போய்வருவதை மட்டும். என் கணக்கில் கடைசி இடம் அதற்குத்தான். அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் பெண்களிடம் கேட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், உச்சத்துக்கு அது ஒன்றே போதும் என்றவர்கள் சுமார் 18 சதவீதம்தான். உடலுறவின்போது கிளிட்டோரிஸையும், அதாவது யோனிக்கு மேலே சின்ன மொட்டுபோல இருக்கும் இன்ப உறுப்பையும், தூண்டினால்தான் வரும் என்றவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு. காரணம் சிக்கலானதே இல்லை. கிளிட்டோரிஸ் என்று வெளியே தெரிவது ஒரு நுனி மட்டும், மீதியெல்லாம் உள்ளே இரண்டு பக்கமும் கால் பரப்பிக்கொண்டு யோனியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இதைத் தெளிவாக அளந்து காட்டியவர் ஆஸ்திரேலிய சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல், அதுவும் 1998-ல்தான். அதில் போய்ச்சேரும் நரம்பிழைகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று அமெரிக்காவின் ஒரேகானில் எண்ணிச் சொன்னது 2022-ல். நிலாவுக்குப் போய்வந்து எத்தனை வருஷம் கழித்து என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் மனப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஃபிராய்டு வேறு, கிளிட்டோரிஸில் வரும் இன்பம் சின்னப் பெண்ணுக்குரியது, வளர்ந்தவளுக்கு அது யோனிக்கு இடம் மாறிவிட வேண்டும் என்று 1905-ல் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆதாரம் எதுவும் கிடையாது, ஆனால் "உள்ளே வரவில்லையென்றால் நான் முழுப் பெண் இல்லை" என்ற பயம் இன்றுவரை இருக்கிறது. ஜி-ஸ்பாட்டும் கிட்டத்தட்ட அதே கதைதான். யோனியின் முன்சுவரில் அழுத்தம் கொடுத்தால் சிலருக்கு நன்றாக இருக்கும், அது உண்மை, ஆனால் அங்கே தனியாக ஓர் உறுப்பு இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. தேடித் தேடி நொந்துபோக வேண்டாம். உடலுறவிலேயே வேண்டுமென்றால் பெண் மேலே இருக்கும் நிலை தேவலை, உரசலும் வேகமும் அவள் கையில் இருக்கும்.

சரி, சுயஇன்பம். இதுவரை உச்சமே தெரியாதவர்களுக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். செலவில்லை, யாருடைய முகத்தையும் பார்த்து நடிக்க வேண்டியதில்லை, எந்த இடம், எவ்வளவு அழுத்தம், எந்த வேகம் என்பது உங்களுக்கே பிடிபடும். பாலியல் சிகிச்சையிலும் இதைப் படிப்படியாகச் சொல்லித்தரும் முறை 1970-களிலிருந்தே இருக்கிறது. தனியாக இருக்கும்போது பெண்களுக்குப் பொதுவாகச் சீக்கிரமே உச்சம் வந்துவிடுகிறது, ஆக "பெண்ணுக்கு ரொம்ப நேரமாகும்" என்பதும் பாதி உண்மைதான். ஒருமுறை வந்தபின் ஆணைப்போல ஓய்வு எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தொடர்ந்து இன்னொன்று வரலாம் என்று அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-லேயே எழுதிவிட்டார்கள். வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோய்விடாது. நம் ஊரில் சிக்கல் வேறு. வேளச்சேரியிலோ கொளத்தூரிலோ ஒற்றை பெட்ரூம் வாடகை வீடு, ஹாலில் மாமியார், பாத்ரூமில் பத்து நிமிஷம் ஆனால் கதவைத் தட்டுவார்கள். தனிமை கிடைப்பதுதான் இதில் உண்மையான செலவு.

கையில் வரவில்லை, அல்லது கை சலித்துவிடுகிறது என்றால் வைப்ரேட்டர், அதாவது அதிர்ந்து தூண்டும் சின்னக் கருவி. கையைவிட வேகம், மாதவிடாய் நின்றபின் உணர்ச்சி மந்தமானவர்களுக்கு நல்ல உதவி. அதற்குப் பழகிவிட்டால் வேறெதுவும் வேலை செய்யாது என்பது மிகைப்படுத்தல், கொஞ்சம் மரத்துப்போனால் தானாகச் சரியாகிவிடும். இங்கே பெரும்பாலும் மசாஜர் என்ற பெயரில்தான் விற்கிறார்கள். சுங்கத்துறை பிடித்துவைத்த மசாஜர்கள் விஷயத்தில், அவற்றைத் தடைசெய்த பொருளாகப் பார்க்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. வாங்குவதைவிட பார்சலை வீட்டில் யார் பிரிப்பார்கள் என்பதுதான் பெரிய கவலை. முதலில் சின்னதாக, சத்தம் குறைவாக ஒன்று போதும், மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிவிடும். சிலிக்கான் பொருளுக்கு நீர் அடிப்படையிலான ஜெல் போடுங்கள். தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும், அதோடு சேர்க்க வேண்டாம்.

அப்புறம் துணையோடு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் எடுத்து 2017-ல் வந்த இன்னொரு ஆய்வில், பெரும்பாலும் உச்சம் அடைவதாகச் சொன்னவர்கள் ஆண்பெண் உறவில் இருக்கும் ஆண்களில் 95 சதவீதம், பெண்களில் 65. பெண்ணோடு பெண் என்றால் 86. உடம்பு அதே பெண்ணுடம்புதான், செய்கிற விதம்தான் வேறு. அதனால் கையில் கற்றதைக் கணவருக்குக் காட்டிக்கொடுப்பதுதான் நீண்ட நாளில் பலன் தரும். உச்சம் வந்ததாக நடிப்பது அவருக்குத் தப்பான வழியை மனப்பாடம் செய்யவைப்பது, அவ்வளவுதான். கட்டிலில் அந்த நேரத்தில் பேச வேண்டாம், இசிஆரில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசுங்கள், முகம் பார்க்காமல் சொல்வது சுலபம். மாஸ்டர்ஸ் - ஜான்சன் தந்த ஒரு பயிற்சியும் உண்டு: சில நாள் உடலுறவே கூடாது, தொடுவது மட்டும். முடித்தாக வேண்டும் என்ற அவசரம் போனாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

மருந்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. மின்சார ரயிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரெல்லாம் ஆண்களுக்குத்தான், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பெண்களுக்கென்று அமெரிக்காவில் 2015-ல் அனுமதித்த ஃபிலிபான்செரின் ஆசையைத்தான் லேசாகக் கூட்டும், உச்சத்துக்கான மாத்திரை அல்ல. யோனியை இறுக்குவதாக விற்கும் கிரீம்கள் வீண்செலவு, எரிச்சல் வேறு.

ஆனால் வலி இருந்தாலோ, முன்பு வந்த உச்சம் திடீரென்று நின்றுபோனாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும், சிலருக்கு வரவே விடாது. அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள்.