லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வு: மூன்றாண்டுகளுக்குப் பின் என் கையில் மிஞ்சிய பாடப்பொருள்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையை வெளியிடும் ரெட் ஹேட் நிறுவனம் கணினி நிர்வாகிகளுக்கு வழங்கும் ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ. சான்றிதழுக்கு ஆயுள் மூன்றாண்டுகள்தாம். 2023இல் நான் பெற்றது காலாவதியாகும் தறுவாயில், மீண்டும் படிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அப்போது சேர்த்து வைத்திருந்த புத்தகம், காணொளித் தொடர், நினைவட்டைகள், மாதிரி வினாத்தாள்கள், என் கையெழுத்துக் குறிப்பேடு ஆகியவற்றில் எவையெல்லாம் தேர்வுக்கு உண்மையில் உதவின, எவை தேர்வு முடிந்த பிறகும் அன்றாட வேலையில் கைகொடுத்தன என்று நிதானமாக எண்ணிப் பார்த்தேன். வாங்கும்போது நான் கொண்டிருந்த மதிப்பீடுகளில் பாதிக்கு மேல் தவறு.

முதலில் தேர்வின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும். பாடப்பொருளின் தகுதியை அதைக் கொண்டுதான் அளக்க முடியும். இது விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் தேர்வன்று. ரெட் ஹேட் லினக்ஸின் 9ஆம் பதிப்புக்காக நான் எழுதிய தேர்வில், இயங்கும் கணினிகளின் முன் மூன்று மணி நேரம் அமர்ந்து, கொடுக்கப்பட்ட பணிகளைச் செய்து முடிக்க வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண், தேர்ச்சிக்கு 210. இணையம் கிடையாது; கணினிக்குள்ளேயே இருக்கும் கையேட்டுப் பக்கங்கள், அதாவது நாம் மேன் பேஜ் என்று சொல்பவை, மட்டும் உண்டு. செய்த மாற்றங்கள் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைத்திருக்க வேண்டும். இதற்கு மாறாக, எல்.பி.ஐ.சி.-1 என்ற வேறொரு லினக்ஸ் சான்றிதழுக்குத் தலா 90 நிமிடத்தில் 60 வினாக்கள் கொண்ட இரண்டு தேர்வுகள். விடையைத் தேர்ந்தெடுப்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதும்தான் வேலை. அந்தத் தேர்வை எழுதிய சக ஊழியர் ஒருவர் தம் நினைவட்டைகளை எனக்குக் கொடுத்தார். கட்டளைகளின் விருப்பக்குறிகளை (கட்டளையோடு சேர்த்து எழுதும் ஆப்ஷன்களை) மனப்பாடம் செய்ய அவை அருமையானவை. ஆனால் விருப்பக்குறி மறந்தால் கையேட்டைத் திறந்து பார்க்கலாம் என்ற தேர்வில், அந்த மனப்பாடத்துக்கு நான் செலவிட்ட மாலைகள் அவ்வளவாகப் பயன்படவில்லை.

புத்தகத்தில் செய்த பிழை பெரியது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் படிக்கத் தொடங்கிய எனக்கு, நன்றாக எழுதப்பட்ட ஒரு தடிமனான புத்தகம் கைக்குக் கிடைத்தது. அது 7ஆம் பதிப்புக்கானது என்பதை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். லினக்ஸ் லினக்ஸ்தானே என்று நினைத்துக்கொண்டேன். பயனர்கள், கோப்பு உரிமைகள், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, தடுப்புச்சுவரான ஃபயர்வால்டி போன்றவற்றில் அந்த நினைப்பு பொய்க்கவில்லை. ஆனால் பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் எல்டாப் சேவையுடன் இணைத்துப் பயனர்களைச் சரிபார்க்கும் பகுதியில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்த பின்புதான், 9ஆம் பதிப்பின் பாடத்திட்டத்தில் அந்தத் தலைப்பே இல்லை என்பது தெரிந்தது. பிணைய அமைப்புக்கு அந்தப் புத்தகம் காட்டிய பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்ட் கோப்புகளின் இடத்தை 9இல் நெட்வொர்க்மேனேஜரின் புதிய வடிவக் கோப்புகள் பிடித்துவிட்டன. மறுபுறம், பாட்மேன் என்ற கருவி வழியாகக் கன்டெய்னர்களை, அதாவது செயலிகளைத் தனித்தனியே அடைத்து இயக்கும் உறைகளை, இயக்குவது குறித்து அதில் ஒரு வரிகூட இல்லை. தேர்வு நடத்துபவர்கள் இலவசமாகவே வெளியிடும் பாடத்திட்டப் பட்டியலை முதல் நாளே அச்சிட்டு, புத்தகத்தின் பொருளடக்கத்தோடு வரிவரியாக ஒப்பிட்டிருந்தால், அரை மணி நேரத்தில் இது விளங்கியிருக்கும்.

காணொளித் தொடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கம் தெளிவாக இருந்தது, பார்க்கும்போதெல்லாம் புரிந்தது, மறுநாள் வெற்றுத்திரையின் முன் அமர்ந்தால் கை ஓடவில்லை.

என்னைத் தேற்றியது சொந்த ஆய்வகம். என் மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை (கணினிக்குள் இயங்கும் கணினிகளை) நிறுவி, ஒவ்வொன்றுக்கும் சில ஜிபி அளவில் கூடுதல் வட்டுகளை இணைத்தேன். ரெட் ஹேட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தா 16 கணினிகள் வரை கட்டணமின்றிக் கிடைக்கிறது. பதிவு செய்ய விரும்பாதவர்களுக்கு இலவச லினக்ஸ்களான ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் ஏறத்தாழ அதே அனுபவத்தைத் தருகின்றன. நிறுவியவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் பதிவு) எடுத்து வைத்துக்கொண்டு, நாள்தோறும் அந்த நிலைக்குத் திரும்பி, அதே பணிகளை முதலிலிருந்து செய்தேன். சலிப்பான வேலைதான். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு அமைப்பைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது என்பதை ஒருமுறை சிறிதாக்க முயன்று முட்டிக்கொண்ட பிறகு நான் மறந்ததே இல்லை. எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்பதைக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்தைத் தவறாக இட்டு, மறுதொடக்கத்தில் இயந்திரம் அவசரநிலைத் திரையில் போய் நின்ற அன்று கற்றதை எந்தப் புத்தகமும் அதே அழுத்தத்தோடு சொல்லித் தந்திருக்காது. அன்றுமுதல் அந்தக் கோப்பைத் திருத்தியவுடன், மறுதொடக்கத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஏற்றிப் பார்க்கும் மவுண்ட் கட்டளையை இயக்குவது அனிச்சைச் செயலாகிவிட்டது.

ஆயினும் முதல்முறை நான் தோற்றேன். வினாக்களை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வில் அமர்கிறோம் என்பதால் அவற்றைப் பற்றி எதுவும் கூற இயலாது. காரணத்தை மட்டும் கூறலாம். ஆய்வகத்தில் ஒவ்வொரு பணியையும் முடித்தவுடன் வேலை செய்கிறதா என்று பார்த்தேனே தவிர, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்து, இயந்திரத்தை அணைத்து எழுப்பிய பின் மீண்டும் சரிபார்க்கும் வழக்கம் எனக்கு இருக்கவில்லை. சாதாரணப் பயனரின் கன்டெய்னர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சிஸ்டம்டி சேவையாக்கி, அது ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு நிறைவடைந்துவிடுவேன்; அந்தப் பயனருக்கு லிங்கர் வசதியை இயக்காவிட்டால், அவர் உள்நுழையாத வேளையில் சேவை எழாது என்பதை என் காணொளித் தொடர் போகிற போக்கில்தான் குறிப்பிட்டிருந்தது. இரண்டாம் முறைக்கு ஆயத்தமானபோது புதிய பாடப்பொருள் எதையும் வாங்கவில்லை. கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம், பிறகு மறுதொடக்கம், பிறகு சரிபார்ப்பு என்று வார இறுதிகளில் பயின்றேன்.

கையேட்டுப் பக்கங்களை நான் பாடப்பொருளாகவே முதலில் எண்ணவில்லை; அவை வறண்டவை என்பது பொதுவான கருத்து. தேர்வறையில் அனுமதிக்கப்படும் ஒரே நூல் அதுவாக இருக்கும்போது, அதைத் தவிர மற்ற அனைத்தையும் படித்துக்கொண்டிருந்தது விந்தைதான். லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸை எடுத்துக்கொண்டால், வலைச் சேவையை வழக்கமில்லாத ஒரு போர்ட்டில் (எண்ணிட்ட பிணைய வாயிலில்) இயங்கவிடும் செமானேஜ் கட்டளையை நான் எத்தனை முறை எழுதிப் பார்த்தும் வரிசை மறந்துவிடும். அந்தக் கட்டளையின் போர்ட் குறித்த கையேட்டுப் பக்கத்தின் இறுதியில், அப்பாச்சி என்ற வலைச் சேவையகத்தை 81ஆம் போர்ட்டில் அனுமதிப்பதற்கான எடுத்துக்காட்டு அப்படியே இருக்கிறது. பிணையத்தை அமைக்கும் என்எம்சிஎல்ஐ கட்டளைக்கு எடுத்துக்காட்டுகளுக்கென்றே தனிப்பக்கம் உண்டு. புதிதாக நிறுவிய கணினியில் சொல்லைக் கொண்டு கையேட்டைத் தேடினால் சில வேளைகளில் ஒன்றும் கிடைக்காது. மேன்டிபி என்ற கட்டளையை ஒருமுறை இயக்கி அட்டவணையை உருவாக்கிய பிறகே தேடல் பலன் தரும். இந்தச் சிறு நுட்பத்தை அறிந்த நாளிலிருந்து என் குறிப்பேட்டில் கட்டளைகளை எழுதுவதை விட்டுவிட்டு, எந்தப் பணிக்கு எந்தப் பக்கத்தில் எடுத்துக்காட்டு உள்ளது என்பதை மட்டும் எழுதத் தொடங்கினேன். இன்றும் அலுவலகத்தில் நான் புரட்டும் குறிப்புகள் அந்தப் பக்கங்கள்தாம்.

தேர்வில் வந்த வினாக்கள் என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புகளை நான் வாங்கவில்லை. அவற்றைப் பயன்படுத்தியது கண்டறியப்பட்டால் சான்றிதழையே பறிக்க இடமிருக்கிறது என்பது ஒருபுறம்; செய்துகாட்ட வேண்டிய தேர்வுக்கு விடைத்தொகுப்பு எதற்கு என்பது மறுபுறம். மாதிரிப் பணித்தாள்கள் வேறு வகை. பாடத்திட்டத் தலைப்புகளை வைத்து ஆசிரியர்கள் தாமே உருவாக்குபவை அவை, பயிற்சிக்கு நல்லவை. நான் பயன்படுத்திய தொகுப்பில் விடைகளில் இரண்டு பிழைகள் இருந்தன, அவற்றைக் கண்டுபிடித்ததே ஒரு பயிற்சியாயிற்று.

2025 மே மாதத்தில் 10ஆம் பதிப்பு வெளியாகிவிட்டதால், இம்முறை அதற்குரிய பாடத்திட்டப் பட்டியலை முதலில் அச்சிட்டுவிட்டேன். நினைவட்டைகள் அவற்றின் உரிமையாளரிடம் திரும்பிவிட்டன. காணொளித் தொடரின் அனுமதிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த 7ஆம் பதிப்புப் புத்தகம் மட்டும் அலமாரியில் இருக்கிறது. வட்டு இடத்தைப் பகிர்ந்து கையாளும் எல்விஎம் பற்றிய அதன் அத்தியாயத்தைப்போல் பொறுமையாக விளக்கிய வேறொன்றை நான் இதுவரை படித்ததில்லை. ஃபிசிக்கல் வால்யூம், வால்யூம் குரூப், லாஜிக்கல் வால்யூம் என்ற அந்த மூன்றடுக்கும் அன்று போலவே இன்றும் இருக்கின்றன. புதிதாக வேலையில் சேர்பவர்களுக்கு அந்த அத்தியாயத்தை மட்டும் கொடுத்துவிட்டு, பிணைய அத்தியாயத்தின் மேல் நான் ஒட்டிவைத்திருக்கும் துண்டுத்தாளையும் காட்டுகிறேன்: "இதைப் படிக்க வேண்டாம்."