கோர்ணியா மொடல் வாங்க யோசிக்கிற ஆக்களுக்கு: அரை வருசம் பாவிச்ச அனுபவம்

நான் கிளிநொச்சியிலை ஏ லெவல் பயோ படிப்பிக்கிறன். கோர்ணியா எண்டா கண்ணின்ரை முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற படை, அதின்ரை இந்த மொடலை சித்திரை வருசம் முடிய ஒன்லைனிலை எடுத்தனான், அனுப்புற காசோடை 18,500 ரூபா, பார்சல் வர ஒம்பது நாள். சிலபசுக்கு இவ்வளவு தேவையில்லை எண்டு எனக்கும் தெரியும், ஆனா வாங்கினதுக்கு ஒரு காரணம் இருக்கு.

என்னட்டைப் படிக்கிற பிள்ளை ஒண்டின்ரை அப்பாவுக்கு காலபோக அறுப்பு நேரம் மிசினடியிலை நிக்கேக்கை கண்ணிலை சுணை அடிச்சிட்டுது. துவாயாலை கசக்கிப்போட்டு கடையிலை ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார், முதல் ரெண்டு நாள் சுகம் மாதிரித்தான் இருந்ததாம், பிறகு பாத்தா கண்ணிலை வெள்ளைப் புள்ளி. ஆஸ்பத்திரியிலை பங்கசு எண்டு சொல்லி கனநாள் மருந்து, கண் தப்பிட்டுது, ஆனா பூ விழுந்தது விழுந்ததுதான். அந்தப் பிள்ளை கேட்டுது, "ரீச்சர், முழங்கால் உரஞ்சினா தோல் திரும்ப வருதுதானே, அப்பான்ரை கண்ணிலை மட்டும் ஏன் வரேல்லை?" போட்டிலை கீறி விளங்கப்படுத்தினன், எனக்கே திருப்தி இல்லை. அண்டைக்கு இரவுதான் ஓடர் போட்டன்.

சாமான் எப்பிடியெண்டா ஒரு றாத்தல் பாணை நிமித்தி வைச்ச மாதிரி, 20 சென்ரிமீற்றர் உயரம். கோர்ணியாவிலை ஒரு துண்டை வெட்டிப் பெருப்பிச்சு படை படையாக் காட்டியிருக்கு, படையளைக் காந்தம் பிடிச்சு வைச்சிருக்கு, கழட்டலாம். மேலை இருக்கிறது மேலணி, அஞ்சு ஆறு அடுக்குக் கலம், கீழை உருண்டு நிண்டு மேலை வர வர தட்டையாப் போறதை வடிவாச் செய்திருக்கினம், விரலாலை தடவினா தெரியும். இந்தப் படை ஒரு கிழமை பத்து நாளுக்குள்ளை முழுசாப் புதுசாகிடும். அதாலைதான் சும்மா நகக்கீறல் பட்டா ரெண்டு மூண்டு நாளிலை சுகம் வாறது. அதுக்குக் கீழை போமன் படை, கலமே இல்லாத மெல்லிய தட்டு, அது ஒருக்காப் போனா திரும்ப வராது, தழும்புதான். சிறுநீரகத்திலை போமனின் உறை எண்டு படிக்கிறம் தானே, அதே வில்லியம் போமன்தான், பிள்ளையளுக்கு இதைச் சொன்னா ஆளையாள் பாக்குங்கள்.

அந்தப் பிள்ளை மேலணியைக் கழட்டி மற்றக் கையிலை வைச்சுக்கொண்டு போமன் தட்டை விரலாலை அமத்திப் பாத்துது, பிறகு "அப்பாக்கு இதையும் தாண்டிட்டுது என்ன" எண்டுது. ஓம், அதுக்குக் கீழை இருக்கிற தடிச்ச நடுப்படை, ஸ்ரோமாவுக்கை போயிருக்கு. நெல்லுச் சாமான், இலை, தடி ஏதும் கண்ணிலை குத்தினா பங்கசு வரலாம், அதுக்கு ஸ்ரெரோயிட் கலந்த மருந்தை விட்டா எரியிற நெருப்பிலை எண்ணெய் ஊத்தினதுதான். டொக்டர் பாக்காமல் ஒண்டும் விடாதேங்கோ, தயவுசெய்து.

இப்ப குறை. பெரிய குறை அளவுதான். உண்மையான கோர்ணியா நடுவிலை 540 மைக்ரோன் அளவு, அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட, அதிலை நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்ரோமாதான். மொடலிலை ஸ்ரோமா பாதி கூட இல்லை, ஆகக் கீழை இருக்கிற அகவணி ரெண்டு சென்ரிமீற்றர் தடிப்பு. கணக்குப்படி அது ரெண்டு மில்லிமீற்றர்தான் வரவேணும்! பாக்கிற பிள்ளை எல்லாப் படையும் ஒரே தடிப்பு எண்டுதான் நினைக்கும். நான் என்ன செய்தனான் எண்டா வகுப்புச் சீமெந்து நிலத்திலை சோக்காலை 54 சென்ரிமீற்றர் கோடு கீறி, ஒரு சென்ரிமீற்றர் 10 மைக்ரோன் எண்டு வைச்சு, மேலணிக்கு அஞ்சு, போமனுக்கு ஒண்டு, ஸ்ரோமாவுக்கும் அகவணிக்கும் நடுவிலை இருக்கிற டெசிமே மென்சவ்வுக்கு ஒண்டு, அகவணிக்கு அரை எண்டு பிரிச்சன், மிச்சம் முழுக்க ஸ்ரோமா. மொடலை வாங்கினா இந்தக் கோட்டையும் கட்டாயம் கீறுங்கோ.

ஸ்ரோமாவுக்கை கொலாஜன் நார் ஒழுங்கா அடுக்கினதைக் காட்டியிருக்கு, நல்லம், அந்த ஒழுங்காலைதான் வெளிச்சம் தடையில்லாமல் போகுது. ஆனா நரம்பைப் பாருங்கோ, ஒரு மஞ்சள் கோடு ஸ்ரோமாவோடை நிண்டிட்டுது. உண்மையிலை அது மேலணிக்குள்ளை வரைக்கும் ஏறுது, ஒரு தூசி விழுந்தாலே உயிர் போற மாதிரி நோகிறது அதாலைதான். இதை விட்டிருக்கக் கூடாது.

2013 இலை நொட்டிங்காம் பல்கலைக்கழகத்து ஹர்மிந்தர் டுவா ஸ்ரோமாவுக்கும் டெசிமேக்கும் நடுவிலை இன்னொரு படை இருக்கெண்டு எழுதினவர், அது தனிப்படையா ஸ்ரோமாவின்ரை கடைசித் துண்டா எண்டு வாக்குவாதம் இருக்கு, அதாலை மொடலிலை அஞ்சு மட்டும் இருக்கிறதை நான் பிழை சொல்லேல்லை.

டெசிமேயும் அகவணியும் ஒண்டா ஒட்டிக்கிடக்கு, கழட்டேலாது. முதல் கோவம்தான் வந்தது, பிறகு யோசிச்சன், இப்ப இந்த ரெண்டையும் மட்டும் சேத்து மாத்துற சத்திரசிகிச்சையும் செய்யினம்தானே, அதை விளங்கப்படுத்த இது நல்ல வசதி. அகவணி ஒரே ஒரு வரிசைக் கலம், அறுகோணம் அறுகோணமா, வளந்த ஆளுக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 2,500 அளவிலை. ஸ்ரோமாவுக்கை ஊறுற தண்ணியை ஓயாமல் வெளியிலை இறைக்கிறது இதுதான், வயலுக்குப் பம் வைச்ச மாதிரி. செத்த கலத்துக்குப் பதில் புதுசு பிறக்காது, பக்கத்துக் கலம்தான் விரிஞ்சு இடத்தை மூடும். கனக்கச் செத்தா தண்ணி நிண்டு கண் மங்கும். மொடலிலை அறுகோணம் நல்ல வடிவு, பிள்ளையள் தேன்வதை எண்டுதான் சொல்லுங்கள். பெயரெல்லாம் இங்கிலீசிலை மட்டும், நான் தமிழிலை எழுதி ஒட்டினன்.

போமன் தட்டின்ரை காந்தம் சரியில்லை, ரெண்டு தரம் விழுந்து மூலை உடைஞ்சிட்டுது, வித்த ஆக்களுக்கு மெசேச் போட்டன், பதிலே இல்லை. அதை நான் மறக்கமாட்டன்.

பள்ளிக்கூடத்துக்கு, ரியூசனுக்கு எண்டா வாங்குங்கோ, அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன். ஒரு பிள்ளை தனியப் படிக்க எண்டா இந்தக் காசு கூட. யன்னலடியிலை மட்டும் வைக்காதேங்கோ, எங்கடை வெய்யிலுக்கு மேலணி இப்பவே மஞ்சளடிக்கத் தொடங்கீட்டுது.