மோட்டார் வரைக்கும் மொபைலில்: சோனாஃப் மினி ஆர்4-ஐ நாமே மாட்டுவதும் டீலரிடம் விடுவதும்

வீட்டு விளக்கை மொபைலில் போட்டு அணைக்க இன்று மூன்று வழி இருக்கிறது. இருக்கிற சுவிட்ச் பாக்ஸுக்குள் ஒரு சின்ன மாட்யூலைத் திணித்துவிட்டு, மேலே உள்ள சுவிட்சை அப்படியே விட்டுவிடுவது முதல் வழி. டீலர் வந்து பழைய பிளேட்டைக் கழற்றிக் கண்ணாடி டச் பேனல் மாட்டுவது அடுத்தது. வீடு கட்டும்போதே தனி கேபிள் இழுத்து கே.என்.எக்ஸ் போன்ற முழு வீட்டு ஆட்டோமேஷன் அமைப்பை நிறுவுவது மூன்றாவது. முதல் வழியில் அதிகம் விற்கும் பொருள்களில் ஒன்று சோனாஃப் மினி ஆர்4. இந்த விமர்சனம் அதை வைத்துத் தொடங்குகிறது. டீலர் எங்கே அவசியம், எங்கே வீண் செலவு என்பது போகப் போகத் தெரியும்.

மினி ஆர்4-இன் அளவு 39.5 × 33 × 16.8 மில்லிமீட்டர். நீளத்தில் தீப்பெட்டியை விடக் குட்டை. உள்ளே ஈ.எஸ்.பி.32 சிப், ஒரு ரிலே (சிப் சொன்னபடி கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் உள் சுவிட்ச்), 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. 10 ஆம்பியர் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கு ஹீட்டர், குண்டு பல்பு மாதிரி ரெசிஸ்டிவ் லோடுக்கு. எல்.இ.டி.க்கும் மோட்டாருக்கும் அதே எண்ணைப் போட்டுப் பார்க்கக் கூடாது. 9 வாட் டவுன்லைட் இருபது சேர்த்தாலும் 180 வாட்தான், ஒரு ஆம்பியர்கூட வராது. ஆனால் சுவிட்ச் போடும் அந்த நொடியில் இருபது டிரைவரின் (எல்.இ.டி.க்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டின்) கெப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் கரண்டை இழுக்கும். ரிலேயின் இரண்டு காண்டாக்டும் ஒட்டிக்கொள்வது அப்போதுதான். ஃபால்ஸ் சீலிங் ஹாலில் விளக்குகளை இரண்டு மூன்று குரூப்பாகப் பிரித்துத் தனித்தனி மாட்யூல் போடுவது நல்லது.

மாட்யூல் வேலை செய்ய நியூட்ரல் வேண்டும். நம் ஊர் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலான போர்டில் சுவிட்சோடு ஒரு சாக்கெட்டும் இருக்கும், அதனால் நியூட்ரலும் அங்கேயே இருக்கும். சாக்கெட் இல்லாத போர்டில், குறிப்பாக மாடிப்படி டூவே சுவிட்சில், இருக்காது. பக்கத்துப் பாக்ஸிலிருந்து பைப் வழியாக ஒரு ஒயர் இழுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த விளக்கை விட்டுவிடுங்கள். நியூட்ரல் கிடைக்காத இடத்தில் எர்த்தை நியூட்ரலாகக் கொடுத்துவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். விளக்கு எரியும், மாட்யூலும் ஆன்லைனில் வரும். ஆர்.சி.சி.பி. (எர்த்தில் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருந்தால் டிரிப் ஆகலாம். இல்லாத வீட்டில் எர்த் ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது எர்த் விட்டுப்போனால் ஃப்ரிட்ஜ் கதவில் ஷாக் அடிக்கும். ஒயர் நிறத்தை நம்பவும் வேண்டாம். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது விதி. கையில் மிச்சமிருந்த ஒயரை இழுத்துவிட்டுப் போவது நடைமுறை. சாக்கெட்டின் பின்பக்கம் 'என்' என்று பொறித்த டெர்மினலிலிருந்து நியூட்ரல் எடுங்கள். அப்போதும் மாட்டியது சரிதானா என்று மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எம்.சி.பி.யை இறக்கினால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினாலும் விளக்கு லைன் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே போர்டில் கை வைக்க வேண்டும். பிளேட்டைக் கழற்றியதும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பாக்ஸுக்குள். ஒரு போர்டில் நாலு சுவிட்ச் இருந்தால் ஃபேஸ் ஒயர் முதல் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு என்று லூப்பாகப் போகும். மாட்யூல் போடும் சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றி மாட்யூலின் 'எல் அவுட்'டில் கொடுக்க வேண்டும். லூப் ஃபேஸிலிருந்து 'எல் இன்'னுக்கு ஒரு துண்டு, சாக்கெட் நியூட்ரலிலிருந்து 'என்'னுக்கு ஒரு துண்டு. 1.5 சதுர மி.மீ. ஒயர், 15 செ.மீ. நீளம் போதும். பிறகு சுவிட்சின் இரண்டு டெர்மினலையும் எஸ்1, எஸ்2-இல் இணைக்க வேண்டும். பலரும் தவறு செய்வது இங்கேதான்: பழைய லூப் ஃபேஸைச் சுவிட்சிலேயே விட்டுவிடுவார்கள். சுவிட்சைத் தட்டியதும் 230 வோல்ட் எஸ்1-க்குள் போகும், மாட்யூல் காலி. அந்தச் சுவிட்சில் வேறெந்த ஒயரும் இருக்கவே கூடாது. ஆனால் லூப்பைக் கழற்றினால் அடுத்த சுவிட்சுகளுக்கு ஃபேஸ் போகாது. அதனால் வந்த ஃபேஸ், போகிற ஃபேஸ், மாட்யூலுக்கான துண்டு மூன்றையும் ஒரு மூன்று வழி வேகோ கனெக்டரில் (ஒயரைச் செருகிக் கவ்வவைக்கும் சின்ன இணைப்பான்) சேர்த்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும்.

எஸ்1, எஸ்2 ஒயரில் கரண்ட் இல்லை என்று நினைத்து மெல்லிய டெலிபோன் ஒயர் போடுகிறவர்களும் உண்டு. இந்த மாதிரிச் சிறு மாட்யூல்களில் உள்ளே இருக்கும் பவர் சப்ளை பொதுவாக மெயினிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. அந்த ஒயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். அதற்கும் மெயின் ஒயரே வேண்டும்.

பிளேட்டை மூடும் முன்பே ஆப்பில் இணைத்துவிடுங்கள். ஜி.ஐ. மெட்டல் பாக்ஸ் வைஃபை சிக்னலைக் குறைக்கும், அதனால் மாட்யூலை பாக்ஸின் அடியில் தள்ளாமல் பிளேட் பக்கமாக நிறுத்த வேண்டும். எட்டு சுவிட்ச் அளவுள்ள பாக்ஸில் ஒயர் கூட்டத்தோடு இரண்டு மினிதான் நியாயமாக அடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாலு சேனல் மாட்யூல் ஒன்று வாங்குவதே சரி. இணைத்ததும் சோனாஃபுக்கான ஈவீலிங்க் ஆப்பில் இரண்டு செட்டிங்கைப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் என்ன நிலை என்ற இடத்தில் 'ஆஃப்' போடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்போது வீடு முழுக்க விளக்கு எரியும். அடுத்தது சுவிட்ச் வகை. 'எட்ஜ்' என்று இருந்தால் சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் நிலை மாறும், மேலே ஆஃப் கீழே ஆன் என்ற பழக்கம் போய்விடும். வீட்டுப் பெரியவர்கள் 'சுவிட்ச் கெட்டுப்போச்சு' என்று சொல்வது இதனால்தான்.

ஃபேனுக்கு மினியை ரெகுலேட்டருக்கு முன்னால் போட்டால் ஆன்-ஆஃப் மட்டும் கிடைக்கும். வேகமும் மொபைலில் வேண்டுமென்றால் கெப்பாசிட்டர் வைத்த ஃபேன் மாட்யூல் தனியாக வாங்க வேண்டும். டிம்மர் மாட்யூலை ஃபேனுக்குக் கொடுத்தால் 'ங்ங்' என்று முனகும். பி.எல்.டி.சி. ஃபேனுக்குப் பொதுவாக ரெகுலேட்டரும் கூடாது, டிம்மரும் கூடாது. அதற்கு அதன் ரிமோட்டே வழி.

இதுவரை சொன்னது, சுவிட்ச் மாற்றத் தெரிந்த, டெஸ்டர் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒரு போர்டுக்கு ஒரு மணி நேரம் வைத்தால் முடியும் வேலை. இதற்கு டீலர் தேவையில்லை. கை நடுங்குகிறவர் தெரு எலக்ட்ரீஷியனை அழைத்து, மேலே உள்ள வயரிங்கை ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் போதும்.

மோட்டார் கதை வேறு. ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும். பத்துக்குள் வருகிறதே என்று மினியில் நேராகக் கொடுப்பவர்கள் உண்டு. கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும். சில வாரத்தில் ரிலே ஒட்டிக்கொள்ளும், ஆப்பில் 'ஆஃப்' காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், டேங்க் வழியும். சரியான வழி 25 ஆம்பியர், 230 வோல்ட் காயில் உள்ள இரண்டு போல் காண்டாக்டர். மினி அந்தக் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும், மோட்டாரின் சுமையைக் காண்டாக்டர் தாங்கும். காயிலின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 100 ஓம் ஸ்னப்பர் (காயில் அணையும்போது எழும் வோல்டேஜ் தாவலை அடக்கும் சின்னப் பாகம்) ஒன்று போட்டால் மினியின் ரிலேக்கு ஆயுள் கூடும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. திறந்த கிணற்று மோனோபிளாக் மோட்டார் பலவற்றில் கெப்பாசிட்டர் நிரந்தரமாக இணைந்திருக்கும், கரண்ட் வந்தால் ஓடும். போர்வெல் சப்மெர்சிபிளின் ஸ்டார்டர் பெட்டி அப்படியல்ல. பச்சைப் பட்டனை இரண்டு நொடி அழுத்திப் பிடிக்கிறோமே, அந்த இரண்டு நொடிதான் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சேரும். பெட்டிக்கு வரும் லைனில் காண்டாக்டரை வைத்து ஆன் செய்தால் மோட்டார் கிளம்பாமல் உறுமும், அப்படியே விட்டால் வைண்டிங் கருகும். அந்தப் பெட்டியையே ஆட்டோ ஸ்டார்டராக மாற்ற வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் அணைக்கும் டிரை ரன் பாதுகாப்போடு. இது உரிமம் பெற்ற ஒயர்மேன் அல்லது மோட்டார் பேனல் டீலர் செய்ய வேண்டிய வேலை. ஆப்பில் 'இன்சிங்' போட்டு இருபது நிமிடத்தில் தானாக அணையச் செய்தாலும், டேங்கில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் தனியாக இருக்கட்டும்.

கீசர் 2 கிலோவாட் என்றால் 8.7 ஆம்பியர். மினியில் ஓடும், ஆனால் மூடிய பெட்டிக்குள் தினம் அரை மணி நேரம் அந்தச் சூட்டில் வைக்க வேண்டாம். 16 ஆம்பியர் மாட்யூல் அல்லது காண்டாக்டர் போடுங்கள். ஏ.சி.க்கு லைனைத் துண்டிக்கவே கூடாது. ரிமோட் சிக்னலைத் தானே அனுப்பும் ஐ.ஆர். பிளாஸ்டர் ஒன்று வாங்கிச் சுவரில் வைத்தால் வேலை முடிந்தது.

த்ரீ ஃபேஸ் வீட்டிலும், ஒன்றுக்கு மேல் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு சர்க்யூட்டின் ஃபேஸையும் இன்னொரு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலையும் ஒரே மாட்யூலுக்குக் கொடுத்தால் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகலாம். காரணம் தெரியாமல் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி வீசச் சொல்லும் 'நிபுணர்களை' வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

டீலர் மாட்டும் டச் பேனல் அழகுதான். ஆனால் ஆறு பாயிண்ட் ஒரே போர்டில் இருப்பதால், இடி விழுந்து அது போனால் ஆறு விளக்கும் போகும். ஈரக் கை, எண்ணெய்க் கை அதற்குப் பிடிக்காது. சமையலறையில் வேண்டவே வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. மினி செத்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பழைய ஒயரைச் சுவிட்சிலேயே திரும்ப மாட்டினால் வீடு பழையபடி ஓடும்.

டீலர் இல்லாமல் நடக்காத ஒன்று கே.என்.எக்ஸ். இதில் சுவிட்சுக்கு 230 வோல்ட் வராது. சுமார் 30 வோல்ட் டி.சி. ஓடும் பச்சைக் கேபிள்தான் வரும். விளக்கு ஒயர் ஒவ்வொன்றும் டி.பி. (எம்.சி.பி.கள் இருக்கும் மெயின் பெட்டி) வரை தனியாகப் போக வேண்டும். அதாவது ரூஃப் கான்கிரீட் போடும் முன், சென்ட்ரிங் கட்டும்போதே பைப் எண்ணிக்கை முடிவாகியிருக்க வேண்டும். பூச்சு முடிந்த வீட்டுக்கு இதைப் பேசும் டீலர் சுவரை உடைக்கத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். செலவு லட்சக் கணக்கில். ஆனால் பல நூறு நிறுவனங்களின் பொருள்கள் ஒன்றோடொன்று பேசும், இன்டர்நெட்டும் வேண்டாம். இதில் உயிர்நாடி ஒரு ஃபைல்: இ.டி.எஸ். மென்பொருளில் டீலர் உருவாக்கும் புராஜெக்ட் ஃபைல். அது இல்லாவிட்டால் நாளை ஒரு சுவிட்சின் வேலையை மாற்றவும் அவரையே நாட வேண்டும், அல்லது முதலிலிருந்து புரோகிராம் செய்ய வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அந்த ஃபைலும் பாஸ்வேர்டும் உங்கள் பென்டிரைவில் இருக்க வேண்டும். கன்ட்ரோல்4 என்ற இன்னொரு முழு வீட்டு அமைப்பில் நிலைமை இன்னும் இறுக்கம். அதை அமைக்கும் முழு கம்போசர் புரோ மென்பொருள் டீலருக்கு மட்டுமே கிடைக்கும்.

எந்த டீலரானாலும் கொட்டேஷனில் 'ஸ்மார்ட் சுவிட்ச் - 24 பாயிண்ட்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மாடல் எண், வைஃபையா ஜிக்பீயா (ஸ்மார்ட் கருவிகளுக்கான தனி வயர்லெஸ் முறை), வாரண்டியில் பொருளை மட்டும் மாற்றித் தருவாரா, வந்து மாட்டியும் தருவாரா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆப் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். டீலரின் மின்னஞ்சலில் தொடங்கிவிட்டு உங்களை 'மெம்பராக' சேர்ப்பது பரவலான பழக்கம், தகராறு வந்தால் சாவி அவர் கையில். வேலை முடிந்த அன்று இரண்டு சோதனை செய்யுங்கள். ரவுட்டருக்கு வரும் ஃபைபரைப் பிடுங்கிவிட்டு எல்லாச் சுவிட்சையும் தட்டிப் பாருங்கள். பிறகு மெயினை இறக்கி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இரண்டிலும் எது நின்றாலும் அது குறை, அன்றே சரி செய்ய வேண்டியது.

கிளவுடை, அதாவது கம்பெனியின் இன்டர்நெட் சர்வரை, மட்டும் நம்பியதன் விளைவு வெளிநாட்டில் இரண்டு முறை பளிச்சென்று தெரிந்தது. 2016 மே மாதம் ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் ஹப்பின் சேவை நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு மாற்று, வீட்டுக்குள்ளேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள். ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் ஓடும், இலவசம். எஸ்.டி. கார்டில் மட்டும் போடாதீர்கள். ஓயாமல் எழுதி எழுதிக் கார்டு தேயும், நம் ஊர்க் கரண்ட் கட்டில் சீக்கிரமே போகும். எஸ்.எஸ்.டி. போடுங்கள், ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் ஆளுக்கொரு சின்ன யு.பி.எஸ். வையுங்கள். ஜிக்பீ டாங்கிளை நேராக நீல யு.எஸ்.பி. போர்ட்டில் செருகினால் சிக்னல் கலங்கும், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் சரியாகும்.

ரவுட்டர் மாற்றும்போது வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையதையே வையுங்கள், இல்லாவிட்டால் இருபது பிளேட்டைத் திரும்பக் கழற்ற வேண்டிவரும். வாடகை வீட்டுக்காரர்கள் மினியோடு நிறுத்திக்கொள்ளலாம். காலி செய்யும்போது மாட்யூலைக் கழற்றி எடுத்துக்கொண்டு, முதல் நாள் எடுத்த போட்டோவைப் பார்த்து ஒயரைப் பழையபடி மாட்டிக் கொடுத்தால் அட்வான்ஸில் பிடித்தம் வராது.