தஞ்சாவூர்ல பாக்ஸிங் கத்துக்க இங்க போங்க

மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் இருக்குற இந்த பாக்ஸிங் கிளாஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சதே ஞாயித்துக்கிழமை பழைய ஃபைட் போட்டுக் காட்டுறதுதான், அதுவும் ஒருத்தர் இன்னொருத்தர நிக்கவே விடாத ஃபைட்டா பாத்துப் போடுவாரு மாஸ்டர். 1966ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல முகமது அலி, கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ மூணே ரவுண்டுல முடிச்சது இருக்கே, அதுல கைய விடுங்க தம்பி, அலியோட கால மட்டும் பாருங்கன்னு நிறுத்தி நிறுத்தி ஓட்டுவாரு, வில்லியம்ஸ் குத்து வந்து சேர்றப்ப அலி அங்க இருக்கவே மாட்டாரு. ஆனா வில்லியம்ஸ் 1964ல துப்பாக்கிக் குண்டு பட்டுப் பொழச்சு வந்த மனுஷன், அதையும் சொல்லித்தான் காட்டுவாரு, அது எனக்குப் பெரிய விஷயமா படுது. 1973ல ஜமைக்காவுல கிங்ஸ்டன்ல ஜார்ஜ் ஃபோர்மேன், ஜோ ஃப்ரேசியர ரெண்டு ரவுண்டுல ஆறு தடவ சாய்ச்சது வேற பாடம், ஃப்ரேசியர் குனிஞ்சு உள்ள வர வர ஃபோர்மேன் அவரு தோளத் தள்ளி தூரத்த சரி பண்ணிட்டு அப்பர்கட், அதாவது கீழேருந்து மேல விடுற குத்து. மைக் டைசன், மைக்கேல் ஸ்பிங்க்ஸ முடிச்ச ஃபைட்டு 91 செகண்டுதான்.

ஸ்பாரிங்ல, அதாவது பழகுறதுக்காக ரெண்டு பேர் மோதுறப்ப, வெயிட், அனுபவம் ரெண்டும் பாத்துதான் ஜோடி சேக்குறாங்க, ஒரு பக்கமா போச்சுன்னா மாஸ்டர் உடனே நிறுத்திடுறாரு. கிளவுஸ் மட்டும் சொந்தமா வாங்கிட்டுப் போயிருங்க, அங்க இருக்குறது ரொம்பப் பழசு. பாபநாசம், ஒரத்தநாட்டுலேருந்தெல்லாம் பசங்க பஸ் புடிச்சு வர்றாங்க, தாராளமா வரலாம்.